கழுதை தின்ற துண்டுக் கடதாசி

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இதை நான் சொல்லச் சொல்ல, ஒருத்தி பக்கத்தில் கதிரை போட்டிருந்து எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் அச்சில் பார்க்க நன்றாயிராது என்று கொஞ்சம் நேராக்கித்தான் எழுதுகிறாள். சிரிப்பு வருகிற இடத்தில் சிரிக்கிறாள். வேறு இடங்களில் பேனையை வைத்துவிட்டு வெளியே போய் நிற்கிறாள். அவள் யார் என்று சொல்லும் இடம் வரும். முதலில் நேசரி மூடின கதையைச் சொல்ல வேண்டும்.

மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய்க்குக் கிட்ட எங்கள் சின்னப்பிள்ளைகளுக்கு ஒரு நேசரி இருந்தது. ஒரு கொட்டில், பிள்ளைகள் இருக்க இரண்டு வாங்கு, ஒரு ரீச்சர். அந்த ரீச்சருக்குக் கிடைத்த காசு அவளுடைய பஸ்ஸுக்கே காணாது. கடைசியில் அவளும் பாஸ்போட் எடுத்துக்கொண்டு ஓமானுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். என் மகள் அதற்கு முதலே குவைத்துக்குப் போய்விட்டாள். பிள்ளை வளர்க்கத் தெரிந்தவர்கள் எல்லாம் அங்கே போய் அரபுப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். இங்கே எலும்பு தேய்ந்தவர்கள்தான் மிச்சம்.

மகளின் பிள்ளை என்னோடு இருந்தாள். நாலரை வயது. தகப்பன் கற்பிட்டிப் பக்கம் தொழிலுக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் என்று ஆகிவிட்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் என் வாய் ஊத்தையாகும். பிள்ளை என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். இடது காது. வலது காதைக் கொடுத்தால் தட்டிவிடும். இடது காதுத் துவாரம் அப்படியே இழுபட்டு ஒரு கொத்தமல்லி போகிற அளவுக்கு ஆகிவிட்டது; தோடு நிற்காது. அதைப் பற்றி எனக்கு ஒரு பெருமை.

நேசரி மூடினதும், மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை அடுத்த ஊருக்குக் கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்கலாம்தான். ஆனால் அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். நாலாவதையும் ஏற்றினால் அவன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எனக்கோ முழங்கால் சரியில்லை. கருவாடு தரம் பிரிக்கக் குந்தினால் எழும்ப இன்னொரு ஆள் வேண்டும்.

மகள் வெள்ளிக்கிழமைகளில் போனில் வருவாள். பெருநிலப்பக்கம் சிஸ்டர்மார் நடத்துகிற ஒரு விடுதியில் பிள்ளையைச் சேர்க்க, எனக்குச் சொல்லாமலே ஆள் வைத்துக் கேட்டிருக்கிறாள். இடமிருக்கிறதாம், தை மாதம் எடுப்பார்களாம். வேண்டாம், நேசரியை நான் வீட்டிலேயே நடத்துகிறேன் என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, உங்கட பேரையே உங்களுக்கு எழுதத் தெரியாது. நீங்கள் என்னத்தைப் படிப்பிக்கப் போறியள்?"

பொய் இல்லை. ஏழு வயதில் என்னைக் கருவாட்டு வாடியில் வேலைக்கு விட்டார்கள். அன்று தொடங்கி எந்தக் கந்தோருக்குப் போனாலும் கையெழுத்துக்குப் பெருவிரல்தான். ஆனால் பெற்ற பிள்ளை சொன்னால் அது வேறு மாதிரிக் குத்தும். நான் விடவில்லை. மீனுக்குப் பேரம் பேசுகிற மாதிரி இரண்டு பேரும் பேசினோம். கடைசியில் அவள் ஒரு விலைக்கு வந்தாள்.

"சரி. மார்கழியில நத்தாருக்கு அவள் தன்ர பேரை எழுதி எனக்குக் காட்டட்டும். காட்டினா உங்களோடையே இருக்கட்டும். இல்லாட்டி தை மாசம் சிஸ்டர்மாரிட்ட விடுவம்."

ஓம் என்றேன்.

நேசரியை மூடிவிட்டாலும் ரீச்சர் அப்போது இன்னும் ஓமானுக்குப் போயிருக்கவில்லை; ஒருநாள் அவளுடைய வீட்டுக்குப் போய், முதலாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் சூட்கேசுக்குள் சீலை அடுக்கிக்கொண்டே சொன்னாள். நான் வலை நூலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். நிறம் தெரிய வேண்டும், ஒரு முடிச்சு. இருபது வரை எண்ண வேண்டும், ஒன்று. கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்ட வேண்டும், களிமண் பிடிக்க வேண்டும், ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும், ஓரிடத்தில் இருக்க வேண்டும். இப்படி ஒன்பது. ஒன்பதாவது பெயர் எழுதுவது. அதை மட்டும் இரட்டை முடிச்சாகப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலைகளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷம்தான். எழுதுகிறவள் நிமிர்ந்து பார்க்கிறாள். சந்தோஷம்தான், எழுது பிள்ளை. அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக நான் பள்ளிக்கூடச் சாமான் தேடி அலைந்தேன்.

நிறத்துக்குத் தையற்கடையில் வெட்டின துணித் துண்டுகள் ஒரு பை நிறைய. எண்ணுவதற்குக் கடற்கரையில் சோகிச் சிப்பி பொறுக்கினோம். சோகி போதாதபோது கரையில் நிற்கிற காற்றாலைகளை எண்ணினோம். அவை சுற்றாத நாளில் பிள்ளை, "காத்தாடியெல்லாம் நித்திரை" என்று சொல்லி எண்ண மறுத்துவிடும். தேர்தல் முடிந்ததும் மதில்களில் ஒட்டாமல் மிஞ்சின நோட்டீசுக் கட்டு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் ஐயாமார் சிரிப்பார்கள், மற்றப் பக்கம் நல்ல வெள்ளை. வென்றவரா தோற்றவரா என்று எனக்குத் தெரியாது. கடதாசி நல்ல தடிப்பு. களிமண்ணுக்குத்தான் கஷ்டப்பட்டேன். தீவில் ஏது களி, எல்லாம் மணல். திருக்கேதீஸ்வரம் பக்கம் வயல் வைத்திருக்கிற ஒருவர் கருவாடு வாங்க வந்தபோது ஒரு வாளி கொண்டுவந்து தந்தார். அதைச் சாக்குப் போட்டு மூடி, தண்ணீர் தெளித்து, கைக்குழந்தை மாதிரிப் பார்த்தேன்.

புத்தகத்துக்கு மன்னார் பஜாரில் பழைய கடதாசி நிறுக்கிற நானாவிடம் போவேன். அவர் வடைக்கடைகளுக்குக் கொடுக்கிற கடதாசிக் குவியலில் சின்னப்பிள்ளைப் புத்தகம் ஏதும் வந்தால் எனக்காக ஒரு பக்கமாக எடுத்து வைப்பார். ஒருநாள் நான் ஆசையாகத் தூக்கின புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, அது சிங்களம்" என்றார். அதில் நல்ல யானை ஒன்று இருந்தது. "ஆனை என்ன பாஷை பேசுது நானா?" என்றேன். அவர் அதை நிறுக்காமலே தந்தார்.

கழுதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கழுதைகளுக்குப் புல்லை விடக் கடதாசிதான் ருசி. அட்டைப் பெட்டி, சிமெந்துப் பை, நேற்றைய பேப்பர், எதையும் விடாது. நான் சேர்த்து வைத்த நோட்டீசுகளில் பாதியை ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை விட்டுத் தின்றுவிட்டது ஒன்று. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஆனி மாதம் அந்தோனியார் திருநாள் வந்தது. எட்டு முடிச்சுக்கும் சாமான் சேர்ந்துவிட்டது. பெயர் எழுத மட்டும் ஒன்றும் இல்லை. எழுதிக் காட்ட ஆளும் இல்லை. யாரையும் கேட்டிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. கேட்கவில்லை. மகளிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகு, ஊராரிடம் போய் என் பேத்தியின் பெயரை எழுதித் தாருங்கள் என்று கேட்க என் ரோசம் விடவில்லை. அதுதான் முதல் பிழை.

திருநாள் பூசை முடிந்ததும் காணிக்கைச் சாமான்களை ஏலம் விடுவது எங்கள் வழக்கம். நேர்த்தி வைத்தவர்கள் கொண்டுவந்து வைத்த கோழி, தேங்காய்க் குலை, விளைமீன், வாழைப்பழம், எல்லாவற்றையும் கோயில் மூப்பர் தூக்கிப் பிடித்து விலை கூறுவார். யார் எடுக்கிறார்களோ, அவர்களுடைய பெயரைத் துண்டுக் கடதாசியில் எழுதிச் சாமானில் கட்டி ஒரு பக்கம் வைப்பார். சாப்பாடு முடிந்து போகும்போது அவரவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த வருஷம், கோழிகளுக்கும் தேங்காய்களுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடப் பை இருந்தது. வான நீலம், முன்பக்கத்தில் மஞ்சள் வாத்து. மூப்பர் தூர நின்றபடி திறந்து காட்டினார்: உள்ளே புத்தகம், கொப்பிகள், பென்சில், கலர்ப் பெட்டி, அழிறப்பர், எல்லாம் புதிது. புத்தகம் கொப்பி எல்லாவற்றுக்கும் உறை போட்டிருந்தது.

கோழிக்கு அடித்துப் பிடித்துக் கேட்டவர்கள் பைக்கு வாய் திறக்கவில்லை. புதுச்சாமான் காணிக்கையாய் வந்தால் அதற்குப் பின்னால் என்ன கண்ணீர் இருக்குமோ என்று பயம். நான் கேட்ட விலைதான் கடைசி விலை. யாருடைய பெயர் எழுத என்று மூப்பர் கேட்டார். பிள்ளைக்குத்தான், அவளின் பெயரையே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வரும்போது மூப்பர் பையை மடியில் வைத்துக்கொண்டு பேனையோடு இருந்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, கைப்பிடியில் கட்டியிருந்த துண்டை ஒரு கழுதை வந்து உருவித் தின்றது. நானும் பிள்ளையும் சிரித்தோம். புத்தகம் தப்பியதே என்று அந்தோனியாருக்கு நன்றி சொன்னேன்.

வீட்டில் வந்து திறந்து பார்த்தால், ஒவ்வொரு உறையிலும் ஒரு வெள்ளை லேபல், அதில் நீல மையால் ஒரு சொல். எல்லாவற்றிலும் ஒரே சொல். பிள்ளையின் பெயரைத்தானே எழுதச் சொன்னேன்; மூப்பர் துண்டில் மட்டுமில்லை, எல்லாக் கொப்பியிலும் எழுதிவிட்டாரே என்று எனக்குக் கண் நிறைந்தது. ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் அதே சொல் புள்ளி புள்ளியாக, வரிவரியாக எழுதியிருந்தது, பிள்ளை அதன் மேலே பென்சிலை ஓட்டிப் பழக. முதல் வரியில் பாதிக்குப் பென்சில் ஓடியும் இருந்தது. கோணல் மாணலாக. மூப்பருக்கு எழுபதுக்கு மேல், கை நடுங்கும். மனுஷன் தொடக்கிக் காட்டியிருக்கிறார், பாவம் என்று நினைத்தேன். இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தால் பிள்ளையும் கோணலாகப் பழகிவிடும் என்று, பையிலிருந்த அழிறப்பரை எடுத்து அந்த அரை வரியை வடிவாக அழித்தேன். கடதாசி நொந்துபோகாமல், ஊதி ஊதி, ஒரு பென்சில் கீறும் தெரியாமல்.

அதை இப்போது சொல்லும்போது எழுதுகிறவள் பேனையை வைத்துவிட்டாள். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஆடி, ஆவணி, புரட்டாதி, ஐப்பசி. ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு பேரும் முற்றத்து மணலில் அந்தச் சொல்லை எழுதினோம். பிள்ளை எழுத, பக்கத்தில் நானும் விரலால் எழுதுவேன். முதலெழுத்து எனக்கு நண்டு மாதிரி, இரண்டாவது தூண்டில் கொளுவி மாதிரி. ஒரு மாதத்தில் பிள்ளைக்கு வந்துவிட்டது. எனக்கு இரண்டு மாதம். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி மணலைப் பார்த்துவிட்டு இது யாருடைய பெயர் என்று கேட்டாள். யாருடையது, அவளுடையதுதான் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எங்கள் ஆட்களுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று என்று இருக்கும்தானே, அதுவாயிருக்கும் என்று நினைத்தாளாம். பிறகு சொன்னாள். போனில் மகளுக்கு ஒன்றும் காட்டவில்லை. நத்தாருக்கு என்றால் நத்தாருக்குத்தான். வலை நூலில் இரட்டை முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

கார்த்திகை பிறந்ததுமே இறந்த ஆத்துமாக்களின் நாள் வரும். என் தாயைப் புதைத்தது நான் பிறந்த பள்ளிமுனையில். வருஷா வருஷம் அன்று அந்தச் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையைத் துப்புரவாக்கி மெழுகுதிரி கொளுத்துவேன். அந்த முறை பிள்ளையையும் கூட்டிப் போனேன். நான் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருக்க, பிள்ளை சின்னக் கல்லறைகள் இருக்கிற பக்கம் போயிருந்தாள். அங்கிருந்து கூப்பிட்டாள்.

"அம்மம்மா, என்ர பேர் இங்க கிடக்கு."

போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளைச் சிலுவை. அதில் நண்டு, தூண்டில், மிச்ச எழுத்துகள். அந்தச் சொல்லேதான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கொப்பிக்கு வெளியே, வேறொரு இடத்தில் எழுதியிருந்ததை நான் வாசித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தரம். அதற்குப் பிறகுதான் அது கல்லறை என்று எனக்குப் பட்டது. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து எனக்குப் பின்னால் விட்டேன்.

அந்தக் கல்லறைக்கு முன்னால் ஒருத்தி குந்தியிருந்து மணலைக் குவித்து அணைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது வராது. பேச்சுக்குக் கேட்டேன்.

"உங்கட மகளோ பிள்ளை? என்ர பேத்திக்கும் இதே பேர்தான்."

பேத்தியின் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். சிலுவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இதில எழுதியிருக்கிறது அந்தப் பேர் இல்லை."

"எனக்கு வாசிக்கத் தெரியாதுதான் மகள். ஆனா இந்த ஒரு சொல் தெரியும். நாலு மாசமா இதைத்தான் எழுதுறம்."

"எதைப் பாத்து எழுதினனீங்கள்?"

பையைச் சொன்னேன். வாத்தைச் சொல்ல முதலே அவளுடைய கை மணலில் நின்றுவிட்டது.

அவளுக்கு அந்த ஒரு பிள்ளைதான். நேசரிக்குப் போக எல்லாம் வாங்கி, உறை போட்டு, பெயர் எழுதி வைத்திருந்தாள். தை மாதம் காய்ச்சல். மூன்று நாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாளாம்: பிள்ளையைத் தந்தால் ஏழைப் பிள்ளை ஒன்றுக்குப் பள்ளிக்கூடச் சாமான் முழுக்க வாங்கித் தருவேன் என்று. பிள்ளை வரவில்லை. திருநாளுக்குப் பையைக் கொண்டுபோய் வைத்தாள், தன் ஊர்க் கோயிலில் இல்லை, ஒருவரும் கேள்வி கேட்காத எங்கள் பக்கத்தில்.

"நான் சொன்னதைக் குடுத்திட்டன் அம்மா. அவர்தான் தரேல்ல."

மெழுகுதிரி காற்றில் அணைந்து அணைந்து போனது. இரண்டு பேரும் மாறி மாறிக் கொளுத்தினோம். புறப்படும்போது அவள் என் கையைப் பிடித்தாள்.

"முதல் பக்கத்தில அரை வரி அவள் எழுதினது இருக்கும். காய்ச்சலுக்கு முதல் நாள் எழுதினவள். குடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் எழுதினதெண்டு வேற ஒண்டும் இல்லை. வந்து பாக்கட்டே?"

வாங்கோ என்றேன். சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

பஸ்ஸில் வரும்போது பிள்ளை என் மடியில் இருந்து பாட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். முதல் பக்கம் முழுக்க என் பேத்தி பென்சில் ஓட்டியிருந்தாள், முதல் வரியும் சேர்த்து. தொடக்கத்தில் அவளுக்கும் கோணல்தான். இதுதான் உன் மகள் எழுதினது என்று காட்டினால் அந்தத் தாய் நம்பியிருப்பாள். அப்படிச் செய்யத்தான் நினைத்தேன். சனிக்கிழமை காலைவரை அதுதான் என் எண்ணம். அவள் ஒரு பைக்கற் பிஸ்கட்டும், தன் மகளின் படமும் கொண்டு வந்தாள். படத்தில் பிள்ளைக்கு முன்பல் ஒன்று இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பொய் வரவில்லை.

"அழிச்சது நான்தான் மகள். மூப்பரிட கை நடுங்கின எழுத்தெண்டு நினைச்சு அழிச்சுப்போட்டன்."

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் சுகமாயிருந்திருக்கும். பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பி விரலால் தடவினாள், பென்சில் அழுத்தின தடம் இருக்குமோ என்று. தடம் இருந்தது. ஆனால் இரண்டு பிள்ளைகளும் ஒரே புள்ளிகளின் மேல்தானே ஓடியிருக்கிறார்கள்; எது அவளுடையது, எது இவளுடையது என்று யாருக்குத் தெரியும்? அந்த ஒரு தாளை மட்டும் தரச் சொன்னாள். பிளேடால் வெட்டிக் கொடுத்தேன். கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"வருதுதான். எங்க வைக்கிறதெண்டு தெரியேல்ல."

பிறகு என் பேத்தியைக் கூப்பிட்டு, எழுதிக் காட்டச் சொன்னாள். பிள்ளை நாக்கை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு மளமளவென்று எழுதினாள், அந்தத் தாயின் மகளுடைய பெயரை. அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் போக முதல், புதுக் கொப்பி ஒன்றில் என் பேத்தியின் சரியான பெயரைப் புள்ளி புள்ளியாக எழுதித் தந்தாள். நான் கேட்கவில்லை, என் மகள் வைத்த கெடுவை மட்டும் சொன்னேன். அடுத்த சனியும் வந்தாள். அதற்கடுத்த சனியும்.

ஏழு கிழமை இருந்தது. பெரியவர்களுக்கு அது போதும். ஆனால் நாலு மாதமாக இதுதான் உன் பெயர் என்று நானே சொல்லிக் கொடுத்ததை எப்படிப் பிடுங்குவது? பிள்ளை புதுக் கொப்பியைத் தள்ளிவிடுவாள்.

"அது என்ர பேர் இல்லை. என்ர பேர் சிலுவையில இருக்கு."

இதைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். அவள் சொல்லி நான் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளிப்பித்தேன். மழை தொடங்கிவிட்டது. முற்றத்தில் தண்ணீர், எழுத மணல் இல்லை. சனிக்கிழமைகளில் அந்தத் தாய் வந்தால் மட்டும், அவளுக்காகப் பிள்ளை சரியான பெயரை எழுதுவாள். அவள் போனதும் பழையபடி மற்றது. நான் அடிக்கவில்லை. ஒரு தரம் கையை ஓங்கினேன், அவ்வளவுதான்.

நத்தார் அன்று பூசை முடிந்து வந்து, போனைச் சீனி போடுகிற பேணியில் சாய்த்து வைத்தோம். மகள் தான் வேலை செய்கிற வீட்டுக் குசினியில், நிலத்தில் இருந்துகொண்டு மெல்லிய குரலில் பேசினாள். வீட்டில் விருந்தாளிகளாம். பிள்ளை புதுச்சட்டையோடு கொப்பியைத் திறந்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எழுதினாள். எனக்கு எழுதி முடிக்க முதலே தெரியும். முதலில் வந்தது நண்டு. எனக்கு வாசிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அந்த அரை நிமிஷம் நான் சந்தோஷமாகவாவது இருந்திருப்பேன்.

"இது ஆரிட பேர் அம்மா?"

தாயின் முகம் மாறினதைக் கண்டு, பிள்ளை அவசரமாக அதற்குக் கீழே சரியான பெயரையும் எழுதினாள். எழுத்துப் பிழை இல்லையாம், மகளே சொன்னாள். ஆனால் நான் முழுக்கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. கழுதையைச் சொன்ன இடத்தில் நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. வெகுநேரம் அழுதாள், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு.

"நான் உங்களைக் குறை சொல்லேல்ல அம்மா. ஆனா என்ர பிள்ளை செத்த பிள்ளையிட பேரோட வளரக் கூடாது. தை மாசம் விடுவம்."

கெடுவை வைத்தது அவள். ஓம் என்றது நான்.

தை மாதம் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டேன். வாத்துப் பையைக் கொண்டுபோகவில்லை, புதுப்பை. கந்தோரில் சிஸ்டர் கடதாசி ஒன்றை நீட்டி, கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனையைத் தந்தா. பேனையை வாங்கினேன். வாங்கி நல்ல வடிவாகப் பிடித்தேன். பிடிக்கத் தெரியும் இப்போது. ஆனால் எனக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல்லை அந்தக் கடதாசியில் எழுத முடியாது. பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெருவிரலை நீட்டினேன்.

இதை எழுதுகிறவள் அந்தத் தாய்தான். நேசரி இல்லாத வீட்டுக்கு இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறாள். மிஞ்சின கொப்பிகளில் என் பெயரைப் புள்ளியாக எழுதித் தந்திருக்கிறாள். நான் இன்னும் இரண்டாவது எழுத்தில்தான் நிற்கிறேன். மணி மூன்றானால் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிடுவேன்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பிள்ளையைப் பார்க்க விடுவார்கள். போன முறை போனபோது கொஞ்சம் மெலிந்திருந்தாள். இப்போது தன் காதையே பிடித்துக்கொண்டு தூங்குகிறாளாம், சிஸ்டர் சொன்னா. தன் புதுக் கொப்பியை எனக்குக் காட்டினாள். உறையில் லேபல் ஒட்டி, சிஸ்டர் அழகாக ஒரு சொல் எழுதியிருந்தா. நான் கிட்ட வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். நண்டும் இல்லை, தூண்டிலும் இல்லை. எனக்குத் தெரிந்த சொல் அது இல்லை. ஆகையால் அது என் பேத்தியின் பெயராகத்தான் இருக்க வேண்டும்.